சலவைக்குப் போன துப்பாக்கி

போன் அலறியது.

இன்ஸ்பெக்டர் தேடினார். மேஜை மேல் இல்லை... டிராயரில் இல்லை... கடைசியில் கழற்றி வைத்திருந்த தொப்பிக்குள்ளிருந்து எடுத்துக் காதில் வைத்தார்.

"சார்... பெரிய தெரு லாண்டரிக்காரரை யாரோ சுட்டுட்டாங்க. ஆள் காலி." ரோந்து போயிருந்த கான்ஸ்டபிளின் குரல்.

"சுட்டுட்டாங்களா?"

"ஒரே குண்டு சார். நெஞ்சுல."

இன்ஸ்பெக்டர் எழுந்தார். பழக்கதோஷத்தில் இடுப்பைத் தடவினார்.

உறை இருந்தது. உள்ளே துப்பாக்கி இல்லை!

எழுந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அவருடைய மறதி ஊரறிந்த சமாச்சாரம். குடை, மூக்குக்கண்ணாடி, ஜீப் சாவி... ஒரு தடவை கைதியையே டீக்கடையில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். நல்லவேளை, அவன் பொறுப்பான கைதி. பஸ் பிடித்து ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தான். அதற்காக மேலதிகாரி கூப்பிட்டு வைத்துக் காய்ச்சி எடுத்தார். இன்னொரு தடவை எதையாவது தொலைத்தால் வேலையை விட்டே தூக்கிவிடுவதாகச் சொல்லியிருந்தார்.

எங்கே வைத்தேன்...? யோசித்தார்.

நேற்று யூனிஃபார்ம் கோட்டைச் சலவைக்குப் போட்டார். துப்பாக்கியைக் கோட்டுப் பைக்குள் திணிக்கிற கெட்ட பழக்கமும் அவருக்கு உண்டு. கோட்டைப் போட்டது எந்தக் கடை?

செத்துக் கிடப்பவனின் கடை!

வேலை போவது ஒரு பக்கம். தன் மறதியால் ஒரு உயிர் போயிருந்தால் எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவது?

லாண்டரிக்குள் நீராவி இன்னும் அடங்கவில்லை. இஸ்திரி மெஷினுக்குப் பக்கத்தில் கடைக்காரர் மல்லாந்து கிடந்தார். நாற்காலியில் அவருடைய மனைவி. கண்ணில் சொட்டுத் தண்ணீர் இல்லை. முகமூடி போட்ட திருடன் ஒருவன் வந்தான், சுட்டான், ஓடினான் என்று கான்ஸ்டபிளிடம் சொல்லியிருந்தாள்.

கான்ஸ்டபிளைக் கூட்டத்தை விரட்ட வெளியே அனுப்பிவிட்டு, இன்ஸ்பெக்டர் சுற்றிலும் பார்த்தார். துணிகள் வரிசையாகத் தொங்கின. பல துணிகளில் ஒரு பிளாஸ்டிக் கவர் பின் குத்தியிருந்தது. சாவி, சினிமா டிக்கெட், ஒற்றைக் கம்மல், யாருடையதோ பல் செட்... ஊரே வீட்டைப் புரட்டிப் போட்டுத் தேடிக்கொண்டிருந்ததெல்லாம் இங்கே நம்பர் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது.

"துவைக்கிறதுக்கு முன்னாடி பாக்கெட்டையெல்லாம் யார்மா பார்க்கிறது?"

"நான்தான் சார். ஒரு பேனா மாட்டினாப் போதும், மெஷின்ல போட்ட அத்தனை துணியும் நாசம்."

"ஒரு போலீஸ் கோட்டுல..." வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "ஏதாவது இருந்துச்சா?"

அவள் அலட்டிக்கொள்ளவே இல்லை. கவுன்ட்டருக்கு அடியிலிருந்து ஒரு கவரை எடுத்து நீட்டினாள்.

உள்ளே துப்பாக்கி! வெடிமருந்து வாசனை இன்னும் போகவில்லை.

சுட்ட பிறகு திரும்பக் கவருக்குள் போட்டு, நம்பர் சீட்டைப் பின் குத்தி வைத்திருந்தாள். தொழில் சுத்தம்.

"அதோ, அந்தக் கோட்டுல இருந்துச்சு. உங்களுதா சார்?"

இன்ஸ்பெக்டர் துப்பாக்கியில் பொறித்திருந்த எண்ணைப் பார்த்தார். எந்தப் போலீஸ்காரனும் தன் துப்பாக்கி எண்ணைத் தூக்கத்தில் கேட்டால்கூடச் சொல்வான். இவருக்கு விழித்திருக்கும்போதே வரவில்லை.

"எதுக்கும்மா சுட்டே?"

"இத்தனை வருஷமா ஊர்ல இருக்கிறவங்க பாக்கெட்டையெல்லாம் பார்த்தேன் சார். இன்னிக்குத்தான் இவர் சட்டைப் பாக்கெட்டைப் பார்த்தேன். ஒரு கம்மல் இருந்துச்சு. என்னோடது இல்லை. அடுத்துக் கையில எடுத்தது போலீஸ் கோட்டு." அவள் பெருமூச்சு விட்டாள். "கோட்டு முதல்ல வந்திருந்தா, இவர் இன்னிக்கு உயிரோட இருந்திருப்பார்."

பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நான் உள்ள போனா, துப்பாக்கியை மறந்துட்டுப் போனவரும் என்கூட வரணும் சார். திருடன் வந்தான்னே எழுதிக்குங்களேன். ரெண்டு பேருக்கும் நல்லது."

எழுதிவிடலாமா என்று அவர் நினைத்தார். நினைக்கவில்லை என்று சொன்னால் பொய்.

தரையில் கிடந்தவரைப் பார்த்தார். பெண்டாட்டிக்கு எப்படியோ, இன்ஸ்பெக்டருக்கு நல்ல மனுஷன். இவர் பாக்கெட்டில் மறந்து விட்டுவிட்ட கல்யாண மோதிரத்தை வீடு தேடி வந்து கொடுத்துவிட்டுப் போனவர். விஷயத்தைப் பற்றி இவருடைய வீட்டம்மாவிடம் மூச்சு விடாதவர். இன்ஸ்பெக்டருக்கு வெட்கமாக இருந்தது.

"கிளம்பும்மா," என்றார். "ரெண்டு பேரும் சேர்ந்தே போவோம்."

மேலதிகாரியிடம் உண்மையைச் சொல்லிவிட போனை எடுத்தார். அதற்குள் அதுவே அலறியது.

வீட்டம்மா!

"என்னங்க... பாத்ரூம்ல சோப்புக்குப் பக்கத்துல துப்பாக்கியை வச்சிட்டுப் போயிருக்கீங்க. குளிக்கிற இடத்துல யாரைச் சுடப் போறீங்க?"

இன்ஸ்பெக்டர் கையிலிருந்த துப்பாக்கியைப் பார்த்தார்.

"நல்லாப் பாரு. அது துப்பாக்கிதானே?"

"பின்னே சீப்பா? கையில வச்சிருக்கேங்க."

"முதல்ல கீழே வை தாயே!"

அப்படியானால் இது...?

அவள் காட்டிய கோட்டை ஹேங்கரிலிருந்து எடுத்தார். பட்டை, பேட்ஜ் எல்லாம் கழற்றித்தான் சலவைக்குப் போடுவார்கள் என்பதால் கோட்டு மொட்டையாக இருந்தது. போட்டுப் பார்த்தார். தோள் முழங்கை வரை இறங்கியது. வயிற்றுப் பக்கத்தில் இன்னொரு இன்ஸ்பெக்டர் தாராளமாகக் குடியிருக்கலாம்.

டிபார்ட்மென்ட்டில் அந்த வயிறு ஒருவருக்குத்தான் உண்டு!

போன் மறுபடியும் அலறியது. மேலதிகாரி. வழக்கமாகக் குரைக்கும் குரல் இன்று குழைந்தது.

"தம்பி... அந்த லாண்டரி கேஸ்ல நீ எதையும் தொடாதே. நானே வர்றேன். அது வந்து... அங்கே என் கோட்டு ஒண்ணு கிடக்குது."

இன்ஸ்பெக்டர் கோட்டைக் கழற்றி, மடிப்புக் கலையாமல் ஹேங்கரில் மாட்டினார்.

"தாராளமா வாங்க சார். ஆனா ரசீதை மறந்துடாதீங்க... அது இல்லாம இங்க எதையும் திருப்பித் தர மாட்டாங்களாம்!"