துணிக்கு அந்தப் பக்கம்

தம்பி திரைக்குப் பின்னால் போனதும், திரையில் ஓடிக்கொண்டிருந்த படத்தில் புல் விலகியது.

காற்றாக இருக்கும் என்று அக்கா நினைத்துக்கொண்டாள். போன மாதம் எடுத்த படம் அது. ஊருக்கு வெளியே இருந்த இந்தப் புல்வெளியில், இதே இடத்தில் கேமராவை நிறுத்தி, பொழுது சாய்ந்து இருட்டும்வரை எடுத்திருந்தாள். ஆள் நடமாட்டமே கிடையாது. புல், தூரத்தில் ஒற்றை மரம், மங்கிக்கொண்டே போகும் வானம், அவ்வளவுதான். அங்கேயே வெள்ளைத் துணியைக் கட்டி, அதே நேரத்துக்குப் படத்தை ஓடவிட்டால், திரை எங்கே முடிகிறது, வெளி எங்கே தொடங்குகிறது என்று பார்ப்பவருக்குத் தெரியக் கூடாது. அதுதான் அவளுடைய கலை. புல்லைப் படம் பிடித்துக்கொண்டு வந்து புல்லுக்கே போட்டுக் காட்டுகிற ஒரே ஆள் நீதான் என்று, எலக்ட்ரீஷியனான தம்பி காலையிலிருந்து கிண்டலடித்தபடியே ஒயர் இழுத்தான். நாளைக்குப் பார்வையாளர்கள் வருகிறார்கள், இன்று வெள்ளோட்டம். தொய்ந்து போன கயிறு ஒன்றை இறுக்கிக் கட்டத்தான் அவன் பின்னால் போனான்.

கயிறு இறுகவில்லை. ஜெனரேட்டரின் உறுமலும் டீசல் வாடையும் ஈரப் புல்லின் மணமும் ஒன்றாகச் சூழ்ந்திருக்க, துணி லேசாகப் புடைத்துத் தணிகிற ஓசையைக் கேட்டபடி அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள்; பிறகு கூப்பிட்டாள்; பிறகு சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தாள். யாரும் இல்லை. கயிறு தரையில் கிடந்தது. அதற்கு அப்பால் புல்லில் ஒரு காலடித் தடம்கூட இல்லை.

ஓடி வந்து திரையைப் பார்த்தாள். மரத்தடியில், நகத்தளவுக்கு ஓர் உருவம். தம்பியின் சட்டை.

புரொஜெக்டரை அணைக்கக் கை தானாகப் போனது.

“அக்கா, நிறுத்திடாத.” படத்தின் சத்தத்துக்காக வைத்திருந்த ஸ்பீக்கரிலிருந்து வந்தது குரல். “இங்க இருக்கற வெளிச்சமே அது ஒண்ணுதான்.”

படத்தில் வானம் மங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் கும்மிருட்டு. அவள் எடுத்த படம், அவளுக்குத் தெரியாதா? அதற்குள் அவன் வந்துவிட வேண்டும். என் குரலைப் பிடித்துக்கொண்டு நேரே வா என்று தொண்டை கிழியக் கத்தினாள். அவன் உருவம் மங்கலில் கரைந்தது. ஆனால் புல் விலகியது. அவளை நோக்கி. வேகமாக.

வா. சீக்கிரம் வா.

திரை இருண்டது.

இருட்டில் தடவிப் போய், துணியில் உள்ளங்கையைப் பதித்தாள். “பிடிச்சுக்கடா.”

அந்தப் பக்கமிருந்து துணி புடைத்தது. ஒரு கை. விரல்கள் அவள் விரல்களை வளைத்துப் பிடித்தன. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அழுதுகொண்டே, பலம்கொண்ட மட்டும் இழுத்தாள்.

ஸ்பீக்கரில் தம்பி. வெகு தூரத்திலிருந்து.

“அக்கா, எங்க இருக்க? நான் இன்னும் மரத்துகிட்டயேதான் நிக்கறேன்.”

கையை உதறினாள். பிடி இறுகியது.

துணி இன்னோர் இடத்தில் புடைத்தது. அதற்குப் பக்கத்தில். அதற்கும் மேலே.