மூன்றாம் மேடையில் சொல்லக் கூடாத சொல்

மார்ச் 14, செவ்வாய்க்கிழமை. துறைமுகத்தின் மூன்றாம் சரக்கு மேடையில் நிற்கும் கிரேனுக்கு மின்சாரத்தைத் துண்டித்து அன்றோடு ஒன்பது ஆண்டுகள்.

அந்த ஊரைப் பார்க்க யாரும் வருவதில்லை. கடற்கரை கிடையாது; கடல் மட்டும் உண்டு, அதுவும் எண்ணெய் மிதக்கிற கடல். சாலை நெடுக லாரிகள், சங்கிலி விற்கும் கடைகள், ஈரச் சாக்கின் வாடை. காலைப் பேருந்தில் அவளும் கணவனும் வந்து இறங்கினார்கள். மாலைப் பேருந்துக்குத் திரும்ப வேண்டும். அதற்குள் அவளுக்கு ஒரே வேலை, கணவனையும் அண்ணனையும் பேசவைப்பது. அம்மா இறந்தபோது அண்ணன் வரவில்லை. "பெத்தவ சாவுக்கு வராதவன்" என்று கணவன் உறவுக்காரர்கள் முன்னால் சொல்லிவிட்டான். இரண்டு வருஷமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அவளுக்கு மிஞ்சிய சொந்தம் அந்த இரண்டு பேர்தான்.

அண்ணனுக்குத் துறைமுகத்தில் வேலை; தரையில் நின்று, மேலே கிரேன் ஓட்டுபவருக்குக் குரல் கொடுக்க வேண்டும். தொண்டை எப்போதும் கட்டியிருக்கும்.

"வாங்க மாப்பிள்ளை. ஊரச் சுத்திக் காட்டுறேன். பயப்படாதீங்க, பத்து நிமிஷத்துல முடிஞ்சிடும்."

கணவனுக்கே சிரிப்பு வந்தது. அவள் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

நண்பகல் இடைவேளையில் மூன்றாம் மேடை காலியாகக் கிடந்தது. தலைக்கு மேலே, தடித்த இரும்பு வடத்தின் நுனியில், எட்டு ஆள் கனத்தில் ஒரு கொக்கி தொங்கியது. காற்று அடித்தும் அது அசையவில்லை.

"இங்க ஒரு வார்த்தை மட்டும் வாய்ல வரக் கூடாது," என்ற அண்ணன், தூணின் தூசியில் விரலால் எழுதிக் காட்டினான்: விடு.

"ஏன்ணா?"

"ஒன்பது வருஷம் முன்ன ஒருத்தன் கயித்தப் பிடிச்சுக்கிட்டு நின்னான். 'கயித்த'ன்னு ஆரம்பிச்சு, அந்த வார்த்தையச் சொல்லி அவனப் பார்த்துக் கத்தினாங்க. மேல கிரேன் கூண்டுல இருந்தவருக்குக் கடைசி வார்த்தை மட்டும் கேட்டுச்சு. மொத்தச் சரக்கையும் இறக்கிட்டார். மூணு பேர் நசுங்கிப் போனாங்க. அவர் அப்புறம் இறங்கவே இல்ல. கூண்டுக்குள்ளயே தூக்கு மாட்டிக்கிட்டார்."

"அப்போ இன்னும் டியூட்டிலதான் இருக்காரா?"

"யாரும் அவரை வீட்டுக்குப் போகச் சொல்லலையே மாப்பிள்ளை."

கணவன் சிரித்தான். சிரிப்போடு நிறுத்தியிருக்கலாம். "முன்ன பின்ன தெரியாத பொணத்துக்கு இவ்வளவு மரியாதை. பெத்தவளுக்கு எங்க போச்சு?"

அண்ணனின் குரல் தாழ்ந்தது. "அத மட்டும் பேசாதீங்க."

"பேசுவேன். வராதவன் வராதவன்தான்."

முதல் குத்தில் கணவனின் உதடு கிழிந்தது. அவன் பாய்ந்து அண்ணனின் கழுத்தைப் பிடித்து, கப்பலைக் கயிற்றால் பிணைக்கும் இரும்புக் குற்றியில் சாய்த்து நெரித்தான். அண்ணனின் குதிகால்கள் சிமெண்டைத் தேய்த்தன. முகம் கறுத்துக்கொண்டு வந்தது.

"என்னங்க, விடுங்க!"

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

மேலே இரும்பு முனகியது.

நின்றது. கட்டளையா, கெஞ்சலா என்று யாரோ யோசிப்பதுபோல.

கணவன் அண்ணாந்து பார்த்தான். பிடி தளர்ந்தது. அண்ணன் அவனைக் கீழே சாய்த்து, மார்பில் ஏறி உட்கார்ந்து, தலைமுடியைப் பற்றித் தரையில் மோதினான். ஒருமுறை. மறுமுறை. பல் ஒன்று அவள் காலடியில் வந்து விழுந்தது. அவள் அண்ணனின் சட்டையைக் கிழிய இழுத்தாள்.

"கைய எடுண்ணா! போதும்ணா! எந்திரி!"

அவன் காதில் எதுவும் ஏறவில்லை. நான்காவது மோதலில் கணவனின் கண்கள் மேலே செருகின.

"அண்ணா, விடு!"

அண்ணனின் கை அந்தரத்தில் நின்றது.

மேலிருந்து பணிவான ஒரு குரல் வந்தது. முதலாளிக்குப் பதில் சொல்லும் குரல்.

"விட்டேன்."

பன்னிரண்டு வருஷத் தொழில் அண்ணனின் உடம்பில் இருந்தது. அவன் மேலே பார்க்கவில்லை. தங்கையைக் காலால் எட்டித் தள்ளினான்; மாப்பிள்ளையை இரண்டு கைகளாலும் உருட்டிவிட்டான். தனக்கென்று நேரம் மிச்சமில்லை.

அவள் எழுந்தபோது, அண்ணனின் தோளும் மார்பும் இருந்த இடத்தில் கொக்கி இருந்தது. சிமெண்ட் விரிசல்களில் இரத்தம் ஓடி, விளிம்பைத் தாண்டிக் கடலில் சொட்டியது.

விசாரணை மறுநாள் நடந்தது. வடம் அறுந்திருக்கவில்லை. மின்இணைப்பு இல்லை. கூண்டின் கதவு ஒன்பது ஆண்டுகளுக்கு முன் பற்றவைத்து மூடியபடியே இருந்தது. இயந்திரக் கோளாறு என்று அதிகாரி எழுதினார். கணவன் மூன்று வாரம் மருத்துவமனையில் இருந்து வீடு திரும்பினான். இடது காது கேட்பதில்லை. அண்ணனின் பெயரைச் சொன்னால் அறையைவிட்டு எழுந்து போகிறான்.

தரையில் கிடந்த கொக்கியை அகற்ற, விசாரணைக்கு மறுநாள் வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு ஆட்கள் வந்தார்கள். அது மறுபடி பழைய உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.