சத்தூரியா வீட்டு வாசலில் அடங்கிய மணிகள்

மாட்டு வைத்தியர் மக்காரியோவுக்குப் பாதி முகம்தான் மழித்திருந்தது. அப்போது ஹக்கோபா முடிதிருத்தும் கடைக்குள் ஓடி வந்தாள். பிப்ரவரிக் குளிரில் காலில் செருப்புகூட இல்லை.

அவள் புருஷன் நிக்காசியோவை ஊர் மன்றத்தில் அடைத்துவிட்டார்களாம். நாலு மணிக்குப் போலீஸ் வந்து கூட்டிப்போகுமாம். கூலிக்காரன் பிரிமித்திவோவின் காலை முறித்தது அவன்தான் என்று ஊரே சொல்கிறதாம்.

"அவரு அடிக்கலை, வைத்தியரே. ஒரு வருஷம் உள்ள போனார்னா எங்க வீட்டுல அடுப்பு எரியாது."

மக்காரியோ சோப்பு நுரையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். கடைக்காரன் பெர்மினுக்குக் கத்தியை மடக்கக்கூடப் பொறுமையில்லை. துப்புத் துலக்குவது என்றால் அவனுக்கு விருந்துச் சாப்பாடு.

அன்று மாதா கோயில் திருவிழா. பொத்தார்கா என்ற கோமாளி வேஷம் இந்த ஆண்டு நிக்காசியோவுக்கு. பல நிறத் துணி, மரமுகமூடி, கையில் தடி, இடுப்பைச் சுற்றி மாட்டு மணிகள். வேஷக்காரன் வாய் பேசமாட்டான். ஜன்னலில் ஆறவைத்த பணியாரத்தைத் திருடுவான், பெண்கள் முகத்தில் கரி பூசுவான், தடியால் தட்டுவான். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. துக்கம் விழுந்த வீட்டைக் கடக்கும்போது மட்டும் மணிகளைக் கையால் பிடித்து அடக்கிக்கொள்வான். அன்று காலையிலும் செத்துப்போன கொல்லனின் வீட்டு முன்னால் நிக்காசியோ அப்படித்தான் போனான்.

மத்தியானப் பூசை நேரத்தில் வேஷத்துக்குக் கோயிலுக்குள் இடமில்லை. துணி, முகமூடி, மணி, தடி எல்லாவற்றையும் வைக்கோல் கொட்டகை வாசலில் மாட்டிவிட்டு உள்ளே படுத்துத் தூங்கினேன் என்றான் ஊர் மன்றத்தில் அடைபட்டிருந்த நிக்காசியோ. பார்த்தவர் எவருமில்லை. அந்த நேரத்தில்தான் களத்து மேட்டில் மணிச் சத்தத்தோடு வந்த வேஷக்காரன் பிரிமித்திவோவைத் தடியால் விளாசியது. போன மாதம்தான் இருவருக்கும் வயலுக்குத் தண்ணீர் விடும் முறையில் அடிதடி. போதாதா?

பிரிமித்திவோ கட்டிலில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். மறுநாள் அவன் நீதிபதி முன் நின்று, பொது மேய்ச்சல் நிலத்தின் எல்லைக்கல்லை நகர்த்தியது ஊர்த்தலைவர் லியாந்திரோதான் என்று சொல்வதாக இருந்தது.

"தடியைத் தூக்கினப்பவும் நான் சிரிச்சுக்கிட்டுத்தான் நின்னேன்," என்றான். "வேஷத்தைப் பாத்து எவனாச்சும் ஓடுவானா?"

மக்காரியோ வெளியே வந்ததும் சுவரில் ஒரு குத்து விட்டார். முட்டி தோல் உரிந்தது. ஊரே சேர்ந்து சிரிப்பதற்கென்று வைத்திருந்த ஒரு நாளை எவனோ எடுத்து ஓர் ஏழையின் காலை உடைத்திருந்தான்.

பெர்மின் களத்தில் குனிந்து காலடிகளைச் சாணால் அளந்தான். அடித்தவன் இடது கைக்காரன் என்றான், பிறகு நொண்டி என்றான். கடைசியில் அளந்ததெல்லாம் தன் காலடிகளையே என்று தெரிந்தது. "சவரம் பண்றப்பவாச்சும் என் காது எதுன்னு தெரியுதாப்பா உனக்கு?" என்று கேட்டுவிட்டு, வைத்தியர் கொட்டகையிலிருந்து களம்வரை வீடு வீடாக ஒரே கேள்வி கேட்டுக்கொண்டு போனார். பூசை நேரத்தில் மணிச் சத்தம் கேட்டதா?

ரொட்டிக்காரி வீட்டில் கேட்டிருந்தது. அடுத்த வீட்டுக் கிழவனுக்கும் கேட்டது. அதற்கடுத்தது சத்தூரியா வீடு. கால் வீங்கிப் பூசைக்குப் போகாமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள் அவள். ஒற்றை மகன் ஆப்பிரிக்காவில் பட்டாளத்தில் இருந்தான். காலையில் நிக்காசியோ மணி அதிர வந்து அவள் பணியாரத்தை அள்ளிக்கொண்டு ஓடியதைச் சொல்லிச் சிரித்தாள். மத்தியானம் வந்தவன் மணிகளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் போனானாம். அவளைத் தாண்டி நீர்த்தொட்டியடியில் துவைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு மறுபடி மணி கேட்டிருந்தது.

"ஒளிஞ்சு போயிருக்கான்," என்றான் பெர்மின்.

"ஒளியறவன் ஒரு வீட்டுக்கு மட்டுமா ஒளிவான்?"

வைத்தியர் தபால்காரர் வீட்டுக்கு நடந்தார். விடியற்காலையில் நகரத்திலிருந்து என்ன வந்தது என்று விசாரித்தார். ஒரே ஒரு தந்தி, பட்டாளத்து முத்திரை, உறை ஒட்டியபடியே ஊர்த்தலைவர் கையில் கொடுத்தேன் என்றார் அவர். மக்காரியோ வந்த வழியே திரும்பிப்போய் சத்தூரியா வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்தினார். பெர்மின் வெளியே நின்றான். அழுகை கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை என்று பிற்பாடு சொன்னான்.

நாலு மணிக்கு ஊர் மன்றம் நிறைந்திருந்தது. இரண்டு போலீஸ்காரர்கள், கைகட்டப்பட்ட நிக்காசியோ, ஊர்த்தலைவர், அவர் மகன் ருபீனோ. மக்காரியோ மெதுவாகத்தான் ஆரம்பித்தார்.

"தலைவரே, காலையில ஒரு தந்தி வந்துச்சாமே?"

"வந்துச்சு. சத்தூரியா மகன் செத்துட்டான். திருவிழா கெடவேண்டாம்னு நாளைக்குச் சொல்லலாம்னு வச்சிருந்தேன்."

கூட்டத்தில் பெருமூச்சு எழுந்தது.

"வேற யாருக்குத் தெரியும்?"

"ஒருத்தருக்கும் தெரியாது. நானும் இவனும் காலைச் சாப்பாட்டுல பேசிக்கிட்டதுதான். என் வீட்டுச் சேதி வெளிய போகாது." பெருமையாகவே சொன்னார்.

மக்காரியோ கூட்டத்தின் பக்கம் திரும்பி, கேட்டுவந்ததை வரிசையாகச் சொன்னார். எல்லா வீட்டுக்கும் ஒலித்த மணி ஒரு வீட்டுக்கு மட்டும் அடங்கியது. துக்க வீட்டுக்குத்தான் நம் ஊரில் மணி அடங்கும். அந்த வீட்டில் துக்கம் என்பது வீட்டுக்காரிக்கே தெரியாது. நிக்காசியோவுக்கும் தெரியாது, தெரிந்தால் காலையில் அங்கே பணியாரம் திருடியிருப்பானா? தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் அந்த நேரத்தில் கோயிலில் முதல் வரிசையில் தலைவர் பதவிக்கான கோலோடு நின்றார்.

"ருபீனோ, ரெண்டு வருஷம் முன்ன நீதான் வேஷம் போட்டே. அடிக்கப் போற வெறியிலகூட கை பழக்கத்தை மறக்கலை. உனக்குத் தெரியாமலே அது மணியைப் பிடிச்சிருக்கு."

ருபீனோ தகப்பனைப் பார்த்தான். தகப்பன் பற்களுக்கிடையில், "முட்டாப்பயலே," என்றார். போலீஸ்காரர்களில் மூத்தவர் அதைக் கேட்டுவிட்டார்.

அப்போது வாசலில் கூட்டம் விலகியது. வீங்கிய காலை இழுத்துக்கொண்டு சத்தூரியா வந்தாள். நேராக ருபீனோ முன்னால் போய் நின்றாள்.

"என் மகனுக்காக மணியைப் பிடிச்சியே ராசா. ஜன்னல்ல நான் உக்காந்திருந்தேன். உங்கப்பன் பேசலைன்னாலும் நீயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த மரமூஞ்சியைக் கழட்ட ஒரு நொடி ஆகுமா?"

அவன் தலையைத் தொங்கப்போட்டான். அவள் அவனை அடிக்கவில்லை. ஊர்த்தலைவரிடம் கையை நீட்டினாள். அவர் சட்டைப்பையிலிருந்து தந்தியை எடுத்துக் கொடுக்கும்வரை அந்தக் கையை அவள் மடக்கவில்லை.

நிக்காசியோவின் கட்டை அவிழ்த்து அதே கயிற்றால் ருபீனோவைக் கட்டினார்கள். திருவிழா பாக்கியிருக்கிறதே, சாயங்கால ஊர்வலத்துக்கு வேஷம் போடுகிறாயா என்று யாரோ கேட்டதற்கு நிக்காசியோ காறித் துப்பினான்.

"போய் நீயே போட்டுக்க. எனக்கு நாளைக்கு வேலை இருக்கு."

மறுநாள் விடியலில் பிரிமித்திவோ வீட்டுக் கதவைக் கீலோடு கழற்றி, அதில் அவனைப் படுக்கவைத்து, நாலு பேர் தூக்கிக்கொண்டு பத்து மைல் தூரம் நீதிமன்றத்துக்கு நடந்தார்கள். முன்னால் இடதுபக்கம் தோள் கொடுத்தவன் நிக்காசியோ. வழிநெடுக இருவரும் தண்ணீர் முறைக்காகத் திட்டிக்கொண்டே போனார்கள்.