ராக்கெட்டின் ஹெல்மெட்

மாலை நான்கு நாற்பது. மழை விட்டிருந்தது. பாலத்துச் சரிவில் சைக்கிள் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குச் சாம்பிள் எடுத்துப் போகும் ஊழியர் அவர். சறுக்கி விழுந்ததில் நடைபாதை விளிம்பில் மண்டை மோதி உயிர் போயிருந்தது. தலையில் ஹெல்மெட் இருந்தது.

"போட்டும் என்ன பிரயோஜனம்?" என்றார் போலீசுக்குப் பின்னால் கூடிய கும்பலில் ஒருவர். ஹெல்மெட் போடாதவர்களுக்கு இப்படி ஒரு சாவு கிடைத்தால் போதும், ஆயுசுக்கும் அதையே சொல்லிக்கொண்டு திரிவார்கள்.

பெண் இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். மழைக்கோட்டின் தொப்பி தலையோடு இறுக்கிக் கட்டியிருந்தது. அதற்கு மேல் ஹெல்மெட். அதில் பழசும் புதுசுமாகக் கீறல்கள். தாடைப் பட்டையில் வெள்ளைப் பஞ்சு இழைகள் ஒட்டியிருந்தன.

முதலில் பார்த்துத் தகவல் சொன்னவன் இறந்தவரின் மைத்துனன், மனைவியின் தம்பி. அதே கூடத்தில் ஸ்டோர் கீப்பர்.

"நீ வரும்போது வேற யாராவது இருந்தாங்களா?"

"யாருமில்ல மேடம்."

"எதையாவது தொட்டியா?"

"இல்ல மேடம்."

வீட்டில் மனைவி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

"ஹெல்மெட்ட நான்தான் பிடிவாதமா வாங்கிக் குடுத்தேன். அதப் போட்டா பக்கத்துல வர்ற வண்டி சரியாத் தெரியலன்னு சொன்னாரு. நான் கேக்கல. நானே அவரைக் கொன்னுட்டேனா மேடம்?"

"மழையில எப்படிப் போடுவாரு?"

"முதல்ல ஹெல்மெட். கோட்டுத் தொப்பி அதுக்கு மேல. ஹெல்மெட்ல ஓட்டை ஓட்டையா இருக்குமே, தண்ணி இறங்கும். அதுக்குன்னே பெரிய தொப்பியாப் பாத்து வாங்கினேன்."

மறுநாள் காலை பரிசோதனைக் கூடம். வரவேற்பில் இருந்த பெண் தலையைத் தூக்காமல் பேசினாள்.

"அந்த ஹெல்மெட்டுக்காக அவர ராக்கெட்னு கிண்டல் பண்ணுவோம். நேத்து ஹெல்மெட்டக் காணோம்னு மேஜைக்கு அடியில எல்லாம் தேடினாரு. நாங்க சிரிச்சுக்கிட்டு இருந்தோம். அவசர சாம்பிள்னு டாக்டர் கத்தவும் ஓடிட்டாரு."

ஸ்டோர் அறையில் பஞ்சு மூட்டை ஒன்று பிரிந்து கிடந்தது. நடுவில் ஒரு தலை அளவுக்குக் குழி. அறைக்கு ஒரே சாவி. இன்ஸ்பெக்டர் நேராக மனைவியின் வீட்டுக்கு வந்தார். தம்பியும் அங்கேதான் இருந்தான்.

"தொப்பியை முதல்ல கட்டியிருக்காரு. ஏன்னா அப்ப ஹெல்மெட் அவர்கிட்ட இல்ல. விழுந்தப்புறம் யாரோ மேல மாட்டியிருக்காங்க. பட்டையில ஸ்டோர் பஞ்சு. சாவி உன்கிட்ட. நீயே சொல்லிடு."

அவன் உடைந்துபோனான்.

"சும்மா விளையாட்டுக்குத்தான்கா ஒளிச்சு வெச்சேன். மழையப் பாத்ததும் பயந்து, குடுத்துடலாம்னு பின்னாலயே போனேன். அதுக்குள்ள மாமா... போட்டிருந்த மாதிரி இருக்கட்டும்னு மாட்டிட்டேன்."

மனைவி இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். "போட்டிருந்தா பொழச்சிருப்பாரா?"

பொய் சொல்லிவிட்டால் என்ன என்று இன்ஸ்பெக்டருக்குத் தோன்றியது.

"உறுதியாச் சொல்ல முடியாதாம். ஆனா வாய்ப்பு அதிகம்னு போஸ்ட்மார்ட்டம் பண்ண டாக்டர் சொல்றாரு."

அவள் தம்பி பக்கம் திரும்பினாள்.

"ராத்திரி பூரா நான்தான் கொன்னேன்னு சுவத்துல முட்டிக்கிட்டு அழுதேன். நீ பக்கத்துலயே உக்காந்து என் தலையத் தடவிக்கிட்டு இருந்தியேடா."