பலகையின் மறுமுனை

சின்ன லாரியால் அதற்கு மேல் போக முடியவில்லை. மண் பாதை அங்கேயே முடிந்து புல் தொடங்கியது. புல்லுக்கு அப்பால், ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பாதையைப் பார்த்தபடி அந்தப் பலகை வீடு நின்றது. ஒரே அறை, ஒரு கதவு, ஒரு ஜன்னல், மேலே துருப்பிடித்த தகரம்.

"இதுதானாம்மா வீடு?" என்றார் லாரி ஓட்டுநர்.

"இதுதான் அண்ணே. தீப்பெட்டி மாதிரி இருந்தாலும் சொந்தத் தீப்பெட்டி."

அவர் சிரித்துக்கொண்டே தையல் மெஷினைத் தூக்கிப் போய் உள்ளே வைத்தார். வெளியே வந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை. உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

"உள்ள ரொம்ப ஜில்லுனு இருக்கும்மா. மொதல்ல ஜன்னலைத் தொறந்து வைங்க."

பலகைகள், பெயிண்ட் டப்பாக்கள், துணி மூட்டை, கட்டில் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு அவர் வண்டியைத் திருப்பினார். அந்தச் சத்தம் மரங்களுக்குள் தேய்ந்து மறையும்வரை அவள் வாசலிலேயே நின்றாள்.

ஒரு துணிக்கடையின் மாடியில், ஆயத்த ஆடைகளை அளவு திருத்திக் கொடுக்கும் வேலையிலேயே அவளுடைய பாதி ஆயுள் போயிருந்தது. கடையில் எல்லோரும் ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வாயும் ஊசிதான் என்று முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்வதும் அவளுக்குத் தெரியும். போன மழைக்காலத்தில் கணவர் திடீரென்று இறந்துபோனார். பிள்ளைகள் இல்லை. தம்பி வந்து தன் வீட்டுக்கு அழைத்துப் போனான். அவனும் அவன் மனைவியும் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் அவள் கூடத்துக்குள் வந்தால் டிவி சத்தத்தைக் குறைப்பார்கள். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று அடங்குவார்கள். அந்த மரியாதையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. யாரும் சீந்தாமல் கிடந்த இந்த வீட்டை, கையிலிருந்ததைப் போட்டு வாங்கிவிட்டாள்.

"காட்டுக்குள்ள தனியா என்னக்கா பண்ணப்போற?" என்று தம்பி கேட்டான்.

"சீலிங் அடிப்பேன். பெயிண்ட் அடிப்பேன். போர் அடிச்சா கொசு அடிப்பேன். போடா."

உள்ளே ஈர மரத்தின் வாசனை. அதற்கு அடியில் இன்னொன்று, காயாமலே மடித்து வைத்த கம்பளியின் வாசனை. ஜன்னலைத் திறந்தும் அது போகவில்லை. தரையைத் தேய்த்துக் கழுவியபோது ஜன்னலுக்கு நேராக இரண்டு பள்ளங்கள் தெரிந்தன. மேலோட்டமான, வழவழப்பான பள்ளங்கள். யாரோ அங்கேயே நின்று நின்று மரம் தேய்ந்திருந்தது. விளையாட்டாகத் தன் பாதங்களை அதில் வைத்துப் பார்த்தாள். அளவெடுத்ததுபோல் பொருந்தின. அங்கிருந்து பார்த்தால் பாதை மட்டும்தான் தெரிந்தது.

அவள் சட்டென்று காலை எடுத்துவிட்டாள்.

வேலை பிடித்துக்கொண்டது. பெயிண்ட் கடையில் யாரோ வேண்டாமென்று திருப்பிக் கொடுத்த மஞ்சள், மலிவாகக் கிடைத்தது. கண்ணைக் குத்தியது. அதில் வெள்ளையைக் கலந்து வெண்ணெய் நிறத்துக்குக் கொண்டுவந்து, சீலிங் முடிந்தபிறகு பூசலாம் என்று மூடி வைத்தாள். இடித்த கட்டிடங்களின் மரம் விற்கும் கடையிலிருந்து வாங்கிய பலகைகளில் பழைய ஆணிகளைப் பிடுங்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். சரக்குப் பெட்டிகள் அலமாரியாயின. கடையில் மிஞ்சிய வெட்டுத்துணிகளைத் திரைச்சீலைக்காக நறுக்கி வைத்தாள்.

பேசத்தான் ஆள் இல்லை. போன் பாதையின் வளைவில் நின்றால்தான் எடுக்கும். வீட்டுக்குள் அளவெடுக்கும்போது எண்களை உரக்கச் சொன்னாள், யாரோ பக்கத்தில் நின்று நினைவு வைத்துக்கொள்வதுபோல. கணவர் அப்படித்தான் நினைவு வைத்துக்கொள்வார். தப்பாகச் சொல்லித் திட்டும் வாங்குவார்.

சீலிங் பலகைதான் சோதனை. அவளைவிட நீளமான பலகை. ஒருவர் ஒரு முனையில் ஆணி அடிக்க, இன்னொருவர் மறுமுனையைத் தாங்க வேண்டும். அவள் ஒரு கம்பின் தலையில் குறுக்குச்சட்டம் வைத்து முட்டுக் கொடுத்தாள். ஏணியில் ஏறி, தலைக்கு மேல் பலகையை அழுத்திப் பிடித்து, முதல் ஆணியை வைத்தாள்.

முட்டு வழுக்கியது. அது தரையில் விழுந்து உருண்ட சத்தம் கேட்டது. பலகை மண்டையில் இறங்கப்போகிறது என்று கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

இறங்கவில்லை.

கண்ணைத் திறந்தாள். முட்டுக்கம்பு சுவரோரமாகக் கிடந்தது. பலகையின் மறுமுனை, யாரும் இல்லாத அந்த மூலையில், கூரையோடு ஒட்டி நின்றது. லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. கனமான ஒன்றைத் தூக்கிப் பிடிக்கும் கைகள் நடுங்குவதுபோல.

ஏணியிலிருந்து எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. பாதையின் வளைவுவரை ஓடி, அங்கிருந்த கல்லில் உட்கார்ந்தாள். தம்பியின் எண்ணை எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். என்னவென்று சொல்வது? புத்தி கலங்கிவிட்டது என்று அழைத்துப் போய்விடுவான். மறுபடி அந்தக் கூடம். மறுபடி குறைக்கப்படும் சத்தம்.

வெயில் சாயும்போது திரும்பி வந்தாள்.

பலகை இன்னும் அப்படியே இருந்தது.

அவள் வாசலிலேயே நின்று பார்த்தாள். இவ்வளவு நேரமாக அதை விடாமல் பிடித்துக்கொண்டு, அவள் வருவாளென்று காத்திருந்த ஒன்று அங்கே இருந்தது. பயத்தோடு பயமாக, நெஞ்சுக்குள் வேறு ஏதோ அசைந்தது. ஏணியில் ஏறினாள். தன் முனையில் ஆணி அடித்தாள். பிறகு, குரல் வருமா என்று தெரியாமலே, கிசுகிசுத்தாள்.

"உன் பக்கம் கொஞ்சம் இடதுல."

மறுமுனை இடதுபக்கம் நகர்ந்தது.

அடுத்தடுத்த நாட்களில் சீலிங் முழுவதும் முடிந்தது. கணவர் இறந்த பிறகு முதல் தடவையாக அவள் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான். ஒரு பலகையைத் தலைகீழாகப் பிடித்திருந்ததற்காக, "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று திட்டியபோது பலகை அவசரமாகத் திரும்பியது. யார் நீ என்று கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. ஏணியில் ஏறினால் ஏணி ஆடாமல் நின்றது. டீ போட்டால் இரண்டு குவளையில் ஊற்றினாள். இரண்டாவது குவளை குறையாது, ஆனால் சீக்கிரமே ஆறிப்போகும். வளைவுக்குப் போய்ப் போன் பேசுவது குறைந்து, பிறகு நின்றே போனது.

தம்பி ஒரு நாள் நடுப்பகலில் பஸ் இறங்கி நடந்து வந்து நின்றான்.

"போனும் இல்ல, பேச்சும் இல்ல. இருக்கியா செத்தியான்னு பார்க்க வந்தேன்" என்றவன் மேலே பார்த்தான். "அக்கா! இது ஒரு ஆள் அடிக்கிற சீலிங்கே இல்லையே?"

"முட்டுக் குடுத்து அடிச்சேன்."

ஏன் பொய் சொன்னாள் என்று அவளுக்கே புரியவில்லை. தம்பி மேசையிலிருந்த இரண்டு குவளைகளையும் பார்த்தான். பிறகு சொன்னான்:

"வீட்டுக்கு வந்துடுக்கா. நீ இல்லாம என்னமோ மாதிரி இருக்கு. நீ கூடத்துக்கு வந்தா டிவியைக்கூடக் குறைச்சிடுவோமே, ஏன் தெரியுமா? ராத்திரி பூரா நீ தூங்கறதில்லைன்னு தெரியும். பகல்லயாவது கண் அசந்தா போதும்னு இருக்கும் எங்களுக்கு."

இத்தனை நாள் அதை அவள் வேறு விதமாக அல்லவா புரிந்துகொண்டிருந்தாள்.

"வரேன்டா" என்றாள்.

அறை குளிர்ந்தது. ஈரக் கம்பளியின் வாசனை மூக்கை அடைத்தது.

"சரி, இந்த நீளப் பலகையையாவது நான் பிடிக்கிறேன்" என்று தம்பி எழுந்தான். ஜன்னலுக்கு மேல் பொருத்த வேண்டிய அலமாரிப் பலகை. அவள் வேண்டாம் என்று சொல்வதற்குள் ஏணியில் ஏறிவிட்டான். அவள் இந்த முனையில் ஸ்டூல் மேல் நின்று தாங்கினாள். அவன் அந்த முனையில்.

திடீரென்று அவன் பலகையை விட்டான். ஏணி சரிந்தது. அவன் தோள்பட்டை தரையில் மோதியது.

"ஏன்க்கா விடச் சொன்ன?" அவன் வலியில் முனகினான்.

"நான் ஒண்ணும் சொல்லலையே!"

"காதுகிட்ட வந்து சொன்னியே. 'விடு, அது என் இடம்'னு. உன் குரல் எனக்குத் தெரியாதா?"

சொல்லிக்கொண்டே மேலே பார்த்தவன், அப்படியே நிறுத்தினான்.

அவள் கையில் இருந்தது ஒரு முனை மட்டும்தான்.

பலகை சாயாமல் நின்றது.

அவள் கையை எடுத்தாள். அப்போதும் நின்றது.

தம்பியை இழுத்துத் தூக்கிக்கொண்டு கதவுக்கு ஓடினாள். தாழ்ப்பாள் போடவில்லை. கதவு திறக்கவில்லை. காலால் உதைத்தாள், தோளால் முட்டினாள். பின்னால் பலகை மெதுவாகத் தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. தரைப்பலகைகள் ஒவ்வொன்றாக முனகின. ஜன்னல் பக்கத்திலிருந்து, அவர்களை நோக்கி.

அவள் கதவில் நெற்றியை வைத்தாள்.

"என் தம்பிதான். அடிபட்டிருக்கு. விட்டுடு."

ஒன்றும் நடக்கவில்லை.

"ஆஸ்பத்திரியில சேர்த்துட்டு வந்துடறேன்."

காதருகே, குளிர்ந்த மூச்சோடு, அவளுடைய குரலே கேட்டது.

"வருவியா?"

"வருவேன்."

கதவு திறந்தது.

வளைவிலிருந்து போன் செய்ததும் லாரி ஓட்டுநர்தான் வந்து இருவரையும் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். தம்பியின் தோளுக்குக் கட்டுப் போட்டார்கள். ஏணி வழுக்கியது என்றுதான் இருவரும் சொன்னார்கள். அதைப் பற்றித் தங்களுக்குள்கூடப் பேசிக்கொள்ளவில்லை. தம்பி வீட்டில் இப்போது டிவி சத்தமாகவே ஓடியது. அவளும் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தாள். தம்பி மனைவியோடு சேர்ந்து சிரித்தாள். நன்றாகத் தூங்கினாள்.

ஆனால் மெஷின் அங்கே இருந்தது. அது இல்லாமல் அவளுக்குப் பிழைப்பு இல்லை.

தம்பி வேலைக்குப் போனபிறகு, நல்ல வெயில் நேரமாகப் பார்த்து, அதே லாரியை வரச்சொல்லிக் கிளம்பினாள்.

கதவு ஒருக்களித்திருந்தது. ஓட்டுநர் முதலில் உள்ளே போனார்.

"அடேங்கப்பா! யாரும்மா வேலை செஞ்சது? நல்ல ஆளா புடிச்சிருக்கீங்க."

அவள் வாசலில் நின்று பார்த்தாள். சுவர் நான்கிலும் வெண்ணெய் மஞ்சள், ஒரு திட்டுகூட இல்லாமல். ஜன்னலுக்கு மேல் அலமாரிப் பலகை, நேர்கோடாக. அவள் நறுக்கி மட்டும் வைத்திருந்த துணிகள் திரைச்சீலைகளாகத் தைக்கப்பட்டுத் தொங்கின. கிட்டப் போய் மடிப்பைத் திருப்பினாள். அவளுடைய தையல். இடப்பக்கம் சாய்ந்து போகும், கடையில் எல்லோரும் பார்த்ததுமே கண்டுபிடித்துவிடும் அதே தையல். அவளுடைய ஒற்றைக் கட்டில் மிச்சப் பலகைகளால் அகலப்படுத்தப்பட்டிருந்தது. அதில் இருவர் படுக்கலாம்.

ஓட்டுநர் மெஷினைத் தூக்கிக்கொண்டு போனார். அவள் ஒரு நிமிடம் பின்தங்கினாள். பேசாமல் ஓடிப்போயிருக்கலாம். ஆனால் காத்திருந்து காத்திருந்து ஒரு வீட்டையே அலங்கரித்து வைத்த ஒன்றிடம் இன்னொரு பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"நான் இங்க இருக்க வரல. மெஷினை எடுக்கத்தான் வந்தேன்" என்றாள். "வருவேன்னு நீ நம்பினியே. என்னை மன்னிச்சுடு. நான் இனிமே வரமாட்டேன்."

திரைச்சீலைகூட அசையவில்லை. மெல்ல, மிக மெல்ல, அந்த வாசனை விலகியது. ஜன்னல் வழியாக விழுந்த வெயில் தரையில் சூடாக இருந்தது. அந்த அறை இப்படிக் கதகதப்பாக இருந்து அவள் பார்த்ததே இல்லை. சாதாரண, காலியான ஒரு மரவீடு.

அது தன்னை விட்டுவிட்டது என்று நினைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு புல்லில் நடந்தாள். லாரியில் ஏறி, இருக்கையில் உட்கார்ந்து, கதவைச் சாத்தக் கையை நீட்டினாள்.

கதவு தானாகச் சாத்திக்கொண்டது. சத்தம் வராதபடி, பதமாக.

ஈரக் கம்பளியின் வாசனை வந்தது. அவளுக்கும் கதவுக்கும் இடையில் இருக்கை அழுந்தியது. அந்தப் பக்க முழங்கையில் குளிர் ஏறியது. மெதுவாக, ஓட்டுநர் பக்கமாக நகர்ந்து இடம் விட்டாள்.

"அந்தப் பக்கம் அவ்வளவு இடம் இருக்கேம்மா" என்று அவர் கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார்.

"இல்லைங்க அண்ணே."

வண்டி நகர்ந்தது. வளைவு தாண்டிப் பெரிய சாலை வந்ததும் அவர் கேட்டார்: "தம்பி வீட்டுக்குத்தானேம்மா?"

கூடத்தில் ஓடும் டிவியும், கட்டு அவிழ்க்காத அவன் தோளும் அவள் கண் முன்னால் வந்தன. தம்பி மனைவி இந்நேரம் அவளுக்கும் சேர்த்துச் சமைத்துக்கொண்டிருப்பாள்.

"வேண்டாம்" என்றாள் ஊசியக்கா. "அங்க போக வேண்டாம். நேரா போங்க. வழியில எங்கயாவது ஒரு ரூம் கிடைக்கும்."

ஓட்டுநர் அவளை ஒரு தரம் பார்த்தார். பிறகு தம்பி வீட்டுக்குத் திரும்பும் சாலையைத் தாண்டி வண்டியை விட்டார்.

கதவுப் பக்கமிருந்த அவளுடைய தோளில், நெடுநாள் தூங்காத ஒருத்தியின் தலையைப்போல, குளிர்ந்து கனத்த ஏதோ ஒன்று மெல்லச் சாய்ந்தது.