பூண்டு இல்லாத ஊரில் பூண்டு வாசனை

செவ்வாய்க் கிரகத்தின் நான்காம் குழாய்க் குடியிருப்பில், காலையில் வேலைக்குப் போகிறவர்கள் முதலில் சுவரில் ஊத வேண்டும். கதவை ஒட்டி உள்ளங்கை அகலத்தில் ஒரு சல்லடை இருக்கும். சுவர்மூக்கு என்று பெயர். ஊதினால், முந்தின நாள் என்ன சாப்பிட்டீர்கள் என்று வரிசைக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுத்தான் கதவைத் திறக்கும். மூடிய ஊர். ஒருவர் விட்ட மூச்சைத்தான் அடுத்தவர் இழுத்தாக வேண்டும். அதனால் அங்கே பூண்டுக்குத் தடை. ஒரு பல் உரித்தால் வாசனை பதினோரு நாள் ஊரைச் சுற்றும்.

அந்தத் தடையைக் காவல் காக்கும் காற்றுப் பிரிவுக்கு மேற்பார்வையாளர் காந்திமதி. அன்று அவளே ஊதினாள்.

"பூண்டு. இரண்டாம் முறை" என்றது சுவர்மூக்கு.

"மேடமேவா?" என்றார் பின்னால் நின்றவர். "நாம பெருங்காயம் போட்டாலே நோட்டீஸ் ஒட்டுவாங்க."

மூன்றாம் முறை என்றால் வேலை போய்விடும். அடுத்த கப்பலில் பூமிக்கு ஏற்றி விடுவார்கள். மூன்று வாரத்தில் விசாரணை, அங்கே அதிகாரிகள் முன்னால் மறுபடி ஊத வேண்டும், அதுவரை கட்டாய விடுப்பு என்று உத்தரவு வந்தது.

வீட்டுக்கு வந்ததும் கணவனின் அக்கா இசக்கியம்மாளைத்தான் பிடித்தாள்.

"மதினி, நெசத்தச் சொல்லுங்க. பூண்டு எதுவும் ஒளிச்சு வச்சிருக்கீங்களா?"

"ஏளா, நான் பூண்டப் பாத்தே ஏழு வருசம் ஆச்சு. கனவுல வேணா ஒருக்கா ரசம் வச்சேன்."

கணவன் சுடலைமுத்து அவள் தலையை உற்றுப் பார்த்தான். "முடி கொட்டுது, நகம் ஒடியுது. எல்லாம் ஒன் தைராய்டு செய்யுத வேலை. டாக்டர் பெட்டிகிட்ட போவோம்."

மூன்று பேரும் போனார்கள். டாக்டர் பெட்டி குழாயின் கடைசியில் இருந்தது. பீரோ அளவு. விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் வாங்கிக்கொண்டு பேச ஆரம்பித்தது.

"செலினியம் மாத்திரை எத்தனை சாப்பிடுகிறீர்கள்?"

"தெனம் ஒண்ணு. இருநூறு மைக்ரோகிராம். தைராய்டுக்கு நல்லதாம்."

"யார் சோதித்துச் சொன்னது?"

"எங்க ஆபீஸ் பவளக்கொடி."

"அவர் மருத்துவரா?"

"இல்ல. அவளுக்கும் தைராய்டு."

பெட்டி இரத்தக் கணக்கை இன்னொரு தரம் பார்த்தது. பிறகு, "உங்கள் இரத்தம் தினம் நான்கு என்கிறதே" என்றது.

சுடலைமுத்து இருமினான். "ஒண்ணு நான் காப்பியில போடுதேன். நீ மறந்துருவேல்லா."

"நான் ஒருநாளும் மறக்கலையே."

"மறந்துட்டேன்னா?"

"நான் தோச மாவுல ஒண்ணு பொடிச்சுப் போடுதேன்" என்றாள் இசக்கியம்மாள். "இவன் பொறுப்பா பாத்துக்கிடுவான்னு நம்பிக்க இல்ல."

நான்காவது யார் என்று தெரியவில்லை. வீட்டுக் கூரையில் தொங்கிச் சமைக்கும் இயந்திரக் கையான சமையற்கரத்தைப் போனில் கூப்பிட்டுக் கேட்டார்கள். "இருவர் ஒரே பொருளைச் சேர்ப்பதைக் கவனித்தேன். குடும்ப வழக்கம் போலும் என்று சாம்பாரில் நானும் ஒன்று சேர்த்தேன்" என்றது அது.

"செலினியம் கெட்டதல்ல" என்றது பெட்டி. "நாளொன்றுக்கு ஐம்பத்தைந்து மைக்ரோகிராம் அளவில் உடம்புக்கு வேண்டும். அது உங்கள் சாப்பாட்டிலேயே கிடைக்கிறது. எல்லாம் சேர்ந்து நானூறைத் தாண்டினால் ஆபத்து. உங்களுக்கு மாத்திரையே எண்ணூறு. முடி கொட்டுவதும் நகம் ஒடிவதும் அதனால்தான். மிஞ்சியதை உடம்பு மூச்சு வழியாகத் தள்ளுகிறது. அந்த வாசனை பூண்டு மாதிரி இருக்கும்."

"அப்ப தைராய்டு?"

"கட்டுக்குள் இருக்கிறது. உங்கள் வழக்கமான தைராய்டு மாத்திரையை விடாதீர்கள். செலினியத்தை மட்டும் நிறுத்துங்கள்."

"வாசனைக்கு என்ன மருந்து?" என்றாள் இசக்கியம்மாள்.

"ஒன்றும் வேண்டாம். தானாகப் போய்விடும்."

"ஒண்ணுமேவா?"

"ஒன்றுமே."

இசக்கியம்மாளுக்கு மனசு ஆறவில்லை. "கைல ஒண்ணும் குடுக்காத டாக்டரு என்ன டாக்டரு. வாளா, பவளக்கொடிகிட்ட இதுக்கு ஏதாவது மாத்திர இருக்கும்."

அந்த மாதத்தில் மட்டும் பெட்டி நாற்பது பேரிடம் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லியிருந்தது. நாற்பது பேரும் வெளியே போய் எதையாவது விழுங்கியிருந்தார்கள். ஆகவே அது இழுப்பறையைத் திறந்து ஒரு டப்பாவை நீட்டியது. மேலே கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது: 'வெறும் மாத்திரைக் கூடு. உள்ளே மருந்து இல்லை. தினம் ஒன்று. கூட வேறெதுவும் சேர்க்கக் கூடாது.'

வாய்விட்டும் சொன்னது. "இதில் மருந்து கிடையாது, அம்மா."

இசக்கியம்மாள் கடைசி வரியை மட்டும் இரண்டு தரம் படித்தாள். "வேறெதுவும் சேக்கக் கூடாதாம். அப்ப வீரியமானதுதான்" என்று டப்பாவை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அன்றிலிருந்து வீட்டில் யாரும் எதிலும் எதையும் கலக்கவில்லை. சமையற்கரத்துக்கும் கண்டிப்பாகச் சொல்லி வைத்தார்கள்.

மூன்று வாரம் கழித்து, மூன்று அதிகாரிகள் முன்னால் காந்திமதி ஊதினாள். சுவர்மூக்கு இத்தனை நேரம் எடுத்து அவள் பார்த்ததே இல்லை.

"நேற்று சுண்டல். தடைப் பொருள் இல்லை" என்றது.

வேலை தப்பியது. அவள் அங்கேயே சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலை டாக்டர் பெட்டிக்கு முன்னால் குழாய் நீளத்துக்கு வரிசை. முதல் ஆள் பவளக்கொடி.

"காந்திமதிக்குக் குடுத்தீங்கள்ல, அது எனக்கு ஒரு டப்பா. பூமியில இருக்க எங்க தம்பிக்கு ரெண்டு."

"அது வெறும் கூடு. டப்பாவிலேயே எழுதியிருக்கிறது."

"படிச்சேன். அதான் பக்கவிளைவு இருக்காதுன்னு தைரியமா கேக்கேன்."

"உங்கள் தம்பிக்கு என்ன நோய்?"

"தைராய்டா இருக்கும்னு நினைக்கேன்."

"இரத்தம் சோதித்தார்களா?"

"ஐயய்ய" என்றாள் பவளக்கொடி. "கண்டதையும் உடம்புக்குள்ள விடமாட்டான். அவன் ரொம்ப ஜாக்கிரதை."