படைக்குப் போகும் தானோடி

ஓட்டுநர் இல்லாத அந்தத் தானோடி வண்டி மூன்றாவது முறையாக அதே மீன் சந்தையைக் கடந்தது. ஜெனோவா கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு பார்த்தாள். நீலத் தொப்பி போட்ட அதே மீன்காரி, அதே பெரிய மீனை அதே பலகையில் வெட்டிக்கொண்டிருந்தாள்.

“அடுத்த நிறுத்தத்தில் இறங்குங்கள். எதிர்ப்பக்கம் சென்று பச்சைத் தானோடியில் ஏறுங்கள்” என்றது காதுக்குள் இருந்த வழிச்சொல்லி.

பக்கத்து இருக்கையில் இருந்த இசக்கிமுத்து அதற்குள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டான்.

“யக்கா, எந்திரிங்க. இறங்கச் சொல்லுதுல்லா.”

“ஏல, இந்த மீன் சந்தைய மூணு தடவ பாத்தாச்சு.”

“வெளிநாட்டுல எல்லா மீன் சந்தையும் ஒண்ணு போலத்தான் இருக்கும்.”

“அந்த நீலத் தொப்பிக்காரியுமா?”

இசக்கிமுத்து சற்று யோசித்தான். “அவளுக்கு மூணு கடை இருக்கும்.”

இருவரும் காலையில் கெஸ்ட்ரா விமான நிலையத்தில்தான் அறிமுகமானார்கள். அவன் கோவில்பட்டி, அவள் தூத்துக்குடி. இருவருக்கும் ஒரே இடத்துக்குத்தான் போக வேண்டும்: கெஸ்ட்ராவின் வெளிநாட்டார் படைக்கு ஆள் எடுக்கும் நிலையம். அதற்கு முகவரி கிடையாது. ‘வழிச்சொல்லியிடம் கேளுங்கள்’ என்று மட்டும் அறிவிப்பில் போட்டிருந்தார்கள். விமான நிலைய வாசலிலேயே வந்தவர்கள் எல்லாருடைய காதிலும் ஒரு வழிச்சொல்லியை மாட்டிவிட்டார்கள். பயறு அளவுதான் இருந்தது.

கெஸ்ட்ராவில் பெயர்ப்பலகைகள் இல்லை. தெருக்களுக்கும் பெயர் இல்லை, நிறுத்தங்களுக்கும் இல்லை. தானோடிகள் தண்டவாளத்தில் நிறத்தை மட்டும் காட்டிக்கொண்டு போயின. பலகையைப் படிக்க ஆள் இல்லாமல் போனதால் ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டார்களாம். ஜெனோவா இயற்பியல் படித்தவள். காதின் உட்புறத்தில் இருக்கும் நீர் எப்படி அசைகிறது என்பதை வைத்தே நம் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அந்தப் பயறு கண்டுபிடிக்கிறது என்பது அவளுக்குப் புரிந்தது. எவ்வளவு அழகான யோசனை என்று காலை முழுவதும் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. அவளுடைய வருகை அனுமதி அன்று மாலையோடு முடிகிறது. அதற்குள் படையில் சேர்ந்துவிட்டால் அம்மாவையும் தங்கையையும் இங்கே அழைத்துக்கொள்ளலாம். சேராவிட்டால் ராத்திரி விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். தூத்துக்குடியில், திரேஸ்புரத்தில் இருந்த அவர்கள் தெருவைக் கடல் எடுத்துக்கொண்டுவிட்டது. நிவாரணக் குடியிருப்பில் அம்மாவும் தங்கையும் ஓர் அறையை இன்னொரு குடும்பத்தோடு சேலை மறைப்புக் கட்டிப் பங்குபோட்டுக்கொண்டிருந்தார்கள்.

பச்சைத் தானோடியில் ஏறியதும் ஜெனோவா ஊரில் செய்வதையே செய்தாள். அவள் ஊரில் வழி கேட்டால் தெரியாது என்று யாரும் சொல்லமாட்டார்கள். தெரியாது என்று சொல்வது மரியாதைக் குறைவு. ஏதாவது ஒரு பக்கம் கையைக் காட்டிவிடுவார்கள். ஆகவே முதலில் ஒருவரைக் கேட்க வேண்டும். பத்து அடி தள்ளிப் போய் இன்னொருவரைக் கேட்க வேண்டும். இரண்டும் ஒத்துவராவிட்டால் மூன்றாவதாக ஒரு பெட்டிக்கடையில் கேட்டு, பெரும்பான்மை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் போக வேண்டும்.

சட்டையில் மாட்டிய மொழிமாற்றியை முடுக்கிவிட்டு, எதிரில் இருந்த பெரியவரிடம் படைக்கு ஆள் எடுக்கும் நிலையத்துக்கு வழி கேட்டாள். அவர் காதில் விரலை வைத்துக் கேட்டுவிட்டு, “அப்படி ஓர் இடம் இல்லை என்கிறது” என்றார். அடுத்து ஒரு பெண். அவளும் காதில் விரலை வைத்தாள். அதே பதில். மூன்றாவதாக ஒரு தபால்காரர். அவருக்கும் அதே.

“ஒருத்தர்கூடக் கைய நீட்டலியே!” என்றாள் ஜெனோவா. அவளுக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது.

“அவங்க பண்பு அப்படி. தெரியலன்னா இல்லன்னு சொல்லிடுறாங்க. நம்ம ஊரு மாதிரியா?” என்றான் இசக்கிமுத்து. “யக்கா, வழிச்சொல்லிக்கு மேல வழி கேக்குறது, டாக்டர்ட்ட மருந்து வாங்கிட்டு மெடிக்கல்காரன்ட்ட ‘இது நல்ல மருந்தா’ன்னு கேக்குற மாதிரி.”

“நான் கேப்பேன்.”

“கேப்பீங்க, கேப்பீங்க.”

வெளியே குளிர். கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. ஜெனோவா அதில் விரலால் கோடு போட ஆரம்பித்தாள். மீன் சந்தை இங்கே. சிவப்புப் பாலம் இங்கே. பச்சை வண்டி இப்படி வளைகிறது, மஞ்சள் வண்டி அப்படி வளைகிறது. இரண்டும் ஒரே இடத்தைச் சுற்றி வருகின்றன. நடுவில் ஒரு மதில், அதன் ஓரமாக ஒரு நிறுத்தம். அங்கே வண்டி நிற்கும், கதவும் திறக்கும்.

அவள் விரல் அந்த இடத்தில் நின்றது.

“இசக்கி, அந்த மதில் பக்கம் வரும்போதெல்லாம் உன் காதுல என்ன சொல்லுது?”

“‘இங்கே இறங்க வேண்டாம்’னு சொல்லும்.”

“மத்த நிறுத்தத்துல?”

“இறங்கணும்னா ‘இறங்குங்கள்’னு சொல்லும். இல்லன்னா ஒண்ணும் சொல்லாது.”

“நாம இறங்கப்போறதா அதுகிட்டச் சொல்லவே இல்லையே. அப்புறம் அங்க மட்டும் ஏன் வேண்டாங்குது?”

இசக்கிமுத்து அவளையும் கண்ணாடிக் கோடுகளையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு காலை நீட்டிச் சாய்ந்துகொண்டான். “நீங்க படிச்சவங்க. இறங்கி ஆராய்ச்சி பண்ணுங்க. நான் இது சொல்றபடியே போறேன். நான் எங்க வீட்ல நாலாவது புள்ள. சொன்னதச் செஞ்சே பழகிட்டேன். போய்ச் சேந்தீங்கன்னா எனக்கும் ஒரு இடம் பிடிச்சு வைங்க.”

மதில் வந்தது. கதவு திறந்தது. “இங்கே இறங்க வேண்டாம்” என்றது வழிச்சொல்லி. ஜெனோவா இறங்கினாள்.

“தவறான நிறுத்தம். மீண்டும் ஏறுங்கள்” என்றது. அவள் அதைக் காதிலிருந்து எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டாள். அந்த நொடியில் நகரம் சட்டென்று பெரிதானது போல இருந்தது. மதிலைத் தொட்டுக்கொண்டே நடந்தாள். ஒரு திருப்பத்தில் இரும்புக் கதவு. உள்ளே ஒரே ஓர் அறை. சீருடை போட்ட அதிகாரி அம்மாள் ஒருத்தி அவித்த உருளைக்கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு திரையில் தானோடிகள் வண்ணப் புள்ளிகளாக ஊர்ந்தன.

“வந்துவிட்டாயா! உட்கார், உட்கார்” என்றது அவள் மொழிமாற்றி. உண்மையாகவே மகிழ்ந்தது போலத்தான் இருந்தது. “இங்கே ஆள் வந்து மாதக்கணக்காகிறது. உருளைக்கிழங்கு சாப்பிடுகிறாயா?”

“படையில் சேர வந்தேன்.”

“தெரியும். எப்படிக் கண்டுபிடித்தாய்?”

ஜெனோவா கூச்சத்தோடு ஆரம்பித்தாள். ஆனால் கண்ணாடிக் கோடுகள் வரை வந்ததும் கூச்சம் போய்விட்டது. மேசையில் விரலால் வரைந்து காட்டினாள். அதிகாரி உருளைக்கிழங்கைக் கீழே வைத்துவிட்டு ஆர்வமாகக் கேட்டாள்.

“அற்புதம். மூன்று பேரைக் கேட்டாயா! வழிச்சொல்லி சொன்ன பிறகும்?”

“எங்கள் ஊரில் அப்படித்தான்.”

“அதனால்தான் உன்னை எடுக்க முடியாது.”

ஜெனோவாவுக்கு மொழிமாற்றிதான் தவறாகச் சொல்கிறது என்று தோன்றியது.

“இங்கே வந்து சேர்கிறவர்களை நாங்கள் எடுப்பதில்லை” என்றாள் அதிகாரி. “அவர்களுக்கு நன்றி சொல்லி ஊருக்கு அனுப்புவதற்குத்தான் இந்த நிலையம். ஆள் எடுப்பது அங்கே.” திரையைக் காட்டினாள். “தானோடியில். இப்போதைய போரில் எந்த வீரனுக்கும் தான் எங்கே போகிறோம் என்று தெரியாது. எல்லாரையும் ஒரே குரல் நகர்த்துகிறது. நீ இடப்பக்கம், நீ வலப்பக்கம், நீ அப்படியே நில். ஒருவன் நின்று ‘இந்தப் பக்கம்தானா?’ என்று கேட்டால், அவனை நம்பி நகர்ந்த இரண்டு பேர் செத்துவிடுவார்கள். வட்டமடிக்க வைத்தாலும் காரணம் கேட்காமல் ஏறி இறங்குகிற ஆட்கள் எங்களுக்கு வேண்டும். உன்னோடு வந்த அந்தப் பையன் அருமையான ஆள்.”

திரையில் ஒரு பச்சைப் புள்ளி மீன் சந்தையைக் கடந்துகொண்டிருந்தது.

அறிவுக்கு அது சரியாகத்தான் பட்டது ஜெனோவாவுக்கு. அதுதான் அவளை மேலும் கலக்கியது. “என் அம்மாவும் தங்கையும்...” என்று தொடங்கினாள்.

அதிகாரி அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். “இருட்ட இன்னும் நேரம் இருக்கிறது. வழிச்சொல்லியை மாட்டிக்கொண்டு மறுபடியும் ஏறு. சொன்னதைச் செய்தால் நீ இங்கே வந்ததை மறந்துவிடுகிறேன்.”

“ஆனால் இப்போது எனக்கு எல்லாம் தெரியுமே. தெரிந்துகொண்டே செய்தால் அது எப்படிச் சோதனையாகும்?”

“தெரிந்தும் செய்கிறவர்கள் எங்களுக்கு இன்னும் அதிகமாக வேண்டும்” என்றாள் அதிகாரி. கிழங்கின் தோலை ஒதுக்கினாள்.

மதில் நிறுத்தத்துக்குப் பச்சை வண்டி வந்தபோது ஜெனோவாவின் காதில் பயறு இருந்தது. “ஏறுங்கள்” என்றது. ஏறினாள். இசக்கிமுத்துவின் முகம் மலர்ந்தது.

“என்னக்கா, ஆராய்ச்சி முடிஞ்சிட்டா? ஆபீசு இருக்கா அங்க?”

அவனிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்று நினைத்துத்தான் வாயைத் திறந்தாள்.

“பேச வேண்டாம்” என்றது வழிச்சொல்லி.

வாயை மூடிக்கொண்டாள். அது இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. தன்னையே ஓர் ஆய்வுக்கூடக் குடுவையைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

“வாசல் அருகே கம்பியைப் பிடித்து நில்லுங்கள்.” நின்றாள்.

இசக்கிமுத்து திடீரென்று காதில் விரலை வைத்தான். சிரிப்பு மெல்லக் கழன்றது. பையை இருக்கையிலேயே விட்டுவிட்டு அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

“யக்கா, மன்னிச்சுக்கோங்க” என்றான் தாழ்ந்த குரலில். “உங்கள இறக்கிவிடச் சொல்லுது.”

வண்டி நின்றது. கதவு திறந்தது. குளிர்காற்று உள்ளே வந்தது.

“கம்பியை விட வேண்டாம்” என்றது அவள் காதில் அதே குரல்.

இசக்கிமுத்து அவள் தோளைப் பிடித்தான். மென்மையாகத்தான் பிடித்தான். பிறகு இழுத்தான். “இறங்கிருங்கக்கா. எதுக்குன்னு சொல்லல. எனக்கு இந்தப் படை ஒண்ணுதான்க்கா இருக்கு.”

ஒரே குரல்தான் இருவரிடமும் பேசுகிறது என்று அவனிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். இருவரும் கையை எடுத்துவிடுவார்கள், படையும் இருவரையும் எடுக்காது. கதவுக்கு வெளியே நடைமேடையில் சிலர் நிற்பதும், அவர்களும் காதில் விரல் வைத்துக் கேட்பதும் அவளுக்குத் தெரிந்தது. அம்மா சேலை மறைப்பை இழுத்துவிட்டுப் படுக்கிற நேரம் இது.

“அருகில் இருப்பவரை வெளியே தள்ளுங்கள்” என்றது குரல்.

அவள் தள்ளினாள்.

இசக்கிமுத்து நடைமேடையில் முழங்கால் பட விழுந்தான். கதவு மூடியது. “படைக்கு நல்வரவு” என்றது வழிச்சொல்லி, “அடுத்த நிறுத்தத்தில் இறங்குங்கள்” என்று சொல்லும் அதே இதமான குரலில்.

கண்ணாடி வழியாக அவனைப் பார்த்தாள். அவன் எழுந்தான். முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டான். அவளைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து, காதில் விரலை வைத்து, அடுத்து எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கேட்டுக்கொண்டு நின்றான்.